பொழுது சாயுமுன் போர்வை



அண்மையில் ஒரு ஞாயிறன்று, உறவினர் வீட்டுக் குழந்தையின் ஞானஸ்நானத்திற்காகச் சாத்தான்குளம் சென்றிருந்தேன். திருப்பலி முடிந்து கோயில் முற்றத்து வேப்பமர நிழலில் நின்றுகொண்டிருந்தபோது, தேரிக்காட்டுப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றிலிருந்து வந்திருந்த அம்மையார் ஒருவர் தயங்கித் தயங்கி அருகில் வந்தார். பனையோலைப் பெட்டி முடைந்து பிழைப்பவர். கணவரை இழந்தவர். பிள்ளைகள் இருவரும் பள்ளியில் படிக்கின்றனர். முந்தானையில் முடிந்து வைத்திருந்த சிறு காகிதம் ஒன்றை எடுத்து நீட்டினார். மளிகைக் கடைச் சீட்டு அது.

“சாமி, என் மகள் இதைப் பார்த்துவிட்டு, ‘அம்மா, நீங்களும் அரசாங்கத்துக்கு வரி கட்டுகிறீர்கள்’ என்கிறாள். வரி கட்டுகிறவர்கள் பெரிய பெரிய முதலாளிமார்தானே? நான் எந்த ஆபீசுக்குப் போய் வரி கட்டினேன்?” என்று கேட்டார்.

சீட்டைப் பார்த்தேன். அடியில் இரண்டு வரிகளில் மத்திய அரசின் பங்கும் மாநில அரசின் பங்கும் காசு சுத்தமாக அச்சிடப்பட்டிருந்தன. “உங்கள் மகள் சொல்வது உண்மைதான் அம்மா. இது நீங்கள் கட்டிய வரியே” என்றேன்.

அவர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு அமைதியாக ஒன்று கேட்டார். “அப்படியானால் சாமி, ரேஷன் அரிசியை எங்களுக்கு ‘இலவசம்’ என்று ஏன் சொல்கிறார்கள்?”

அந்தக் கேள்வி என்னோடு வீடு வரை வந்தது. இந்த மாதம் உங்களோடு நான் பகிர்ந்துகொள்ள விரும்புவதும் அதுவே.

கண்ணுக்குத் தெரியாத வரி

வருமான வரி செலுத்துவோர் நம் நாட்டில் சிறுபான்மையினர். ஆனால் ஒரு பொருளை வாங்குவோர் செலுத்தும் வரியிலிருந்து தப்பியவர் எவருமில்லை. கடைக்காரர் அதை வசூலித்துக் கட்டுகிறார். சுமப்பவரோ வாங்குபவர். பொட்டலத்தின் மேல் அச்சிட்டிருக்கும் உச்ச விலைக்குள்ளேயே வரி அடங்கிவிடுவதால், சீட்டுக் கேளாமல் வாங்குகிறவருக்கு அது கண்ணில் படுவதுமில்லை. கைப்பேசிக்கு நூற்றுப் பதினெட்டு ரூபாய் கட்டிப் புதுப்பித்தால், அதில் 18 ரூபாய் வரி. துணி துவைக்கும் தூளிலும் அதே கணக்குத்தான். சமையல் எரிவாயு உருளையில் நூற்றுக்கு 5.

இந்த வகை வரிக்கும் நம் தமிழகத்துக்கும் பழைய உறவு உண்டு. 1930ஆம் ஆண்டில் காந்தியடிகள் தண்டிக்கு நடந்தபோது, இராஜாஜி திருச்சிராப்பள்ளியிலிருந்து வேதாரண்யத்துக்கு நடந்து, உப்பின் மீதிருந்த வரியை எதிர்த்துச் சிறை சென்றார். அரசனும் ஆண்டியும் ஏறத்தாழ ஒரே அளவு உப்பைத்தான் உண்கின்றனர். ஆகவே உப்பின் மீது விதிக்கும் வரி ஆண்டிக்கே பெரிய சுமை என்பது அந்நாளில் எல்லாருக்கும் விளங்கியிருந்தது. உப்பளங்கள் சூழ்ந்த தூத்துக்குடிக் கரையில் இதை விளக்கிச் சொல்லவும் வேண்டுமோ! 1947இல் அவ்வரி நீக்கப்பட்டது. இன்றும் உப்புக்கு வரி இல்லை.

ஆனால் அதே இராஜாஜி சென்னை மாகாண முதலமைச்சராயிருந்தபோது, 1939இல் பொது விற்பனை வரிச் சட்டத்தைக் கொண்டுவந்தார். மதுவிலக்கினால் அரசு இழந்த வருவாயை ஈடுசெய்வதற்காக வந்த வரி அது. ஏழையின் குடும்பத்தைக் கள்ளுக்கடையிலிருந்து காக்க வேண்டும் என்ற நல்லெண்ணம் அதன் பின்னால் இருந்தது. காலம் உருண்டோடியது. மதுவிலக்குப் போய்விட்டது. 2003 முதல் அரசு நிறுவனமே மதுவைச் சில்லறையில் விற்கத் தொடங்கியது. மதுவிலக்குக்காகப் பிறந்த விற்பனை வரியோ, பெயரும் உருவமும் மாறி, 2017ஆம் ஆண்டு ஜூலை முதல் நாளிலிருந்து சரக்கு மற்றும் சேவை வரி என்ற பெயரில் நாடு முழுவதும் பரவி நிற்கிறது.

வரியே கூடாது என்பது நம் கருத்தன்று. பள்ளிக்கூடமும் மருத்துவமனையும் சாலையும் வரியால்தான் நடக்கின்றன. முறையான வரியைச் செலுத்துவது கிறிஸ்தவனின் கடமை என்று திருச்சபை தெளிவாகப் போதிக்கிறது. கேள்வி எடையைப் பற்றியது. கணக்குக்காக ஓர் எடுத்துக்காட்டு சொல்கிறேன். மாதம் 10,000 ரூபாய் வருமானமுள்ள குடும்பம் அவ்வளவையும் செலவிட்டே தீர வேண்டும். அதில் 400 ரூபாய் வரியாகப் போனால், வருமானத்தில் நூற்றுக்கு 4 பங்கு போயிற்று. மாதம் ஒரு இலட்சம் வருமானமுள்ள குடும்பம் பாதியைச் சேமித்து, மீதி 50,000 ரூபாயில் 2,500 ரூபாய் வரி செலுத்தினாலும், வருமானத்தில் அது நூற்றுக்கு இரண்டரைதான். தொகையைப் பார்த்தால் செல்வர் மிகுதியாகக் கொடுத்திருக்கிறார். பாரத்தைப் பார்த்தால் ஏழையே மிகுதியாகச் சுமந்திருக்கிறார். எருசலேம் ஆலயத்துக் காணிக்கைப் பெட்டியருகே அமர்ந்து, ஏழைக் கைம்பெண் இட்ட இரு காசுகளை ஆண்டவர் அளந்த அளவுகோல் இதுவன்றோ? ஆனால் அவள் மனமுவந்து கொடுத்தாள். நம் அம்மையாருக்கோ தாம் கொடுத்தது தெரியவே இல்லை.

ஆலயத்தின் இரு வரிகள்

விவிலியத்தில் இந்தச் சிக்கல் புதிதன்று. இஸ்ரயேல் மக்களிடையே இரு வகைச் செலுத்துதல்கள் இருந்தன.

ஒன்று, தலைக்கு அரைச் செக்கேல். இருபது வயது நிரம்பிய ஒவ்வொருவரும் கொடுக்க வேண்டும். செல்வன் கூடுதலாகவும் ஏழை குறைவாகவும் கொடுத்தலாகாது என்று விடுதலைப் பயண நூலின் முப்பதாம் அதிகாரம் கூறுகிறது. இறைவன் முன் எல்லா உயிரும் சமம் என்பதற்கு அது அடையாளம்.

மற்றொன்று, ஆற்றலுக்கேற்ற காணிக்கை. ஆட்டுக்குட்டி கொடுக்க இயலாதவர் இரு புறாக்களைக் கொடுக்கலாம். பாவக் கழுவாய்ப் பலியில் அதற்கும் வழியற்றவர் ஒரு படி மாவு கொண்டுவந்தால் போதும். குழந்தை இயேசுவை ஆலயத்தில் ஒப்புக்கொடுக்க வந்தபோது மரியன்னையும் சூசையப்பரும் ஏழைகளுக்குரிய பறவைக் காணிக்கையையே செலுத்தினர் என்று லூக்கா எழுதுகிறார். திருக்குடும்பம் அன்று சலுகை பெற்ற குடும்பங்களின் வரிசையில் நின்றது. அந்த வரிசையில் நிற்பது இழிவு என்று இனி நம்மில் யார் சொல்ல முடியும்?

கப்பர்நாகூமில் ஆலய வரி கேட்டு வந்தவர்கள் பேதுருவை மடக்கியபோது நடந்ததையும் நாம் அறிவோம். தூண்டிலிட்டுப் பிடித்த மீனின் வாயில் கிடைத்த நாணயத்தை எடுத்துத் தமக்கும் பேதுருவுக்குமாகச் செலுத்தும்படி ஆண்டவர் கூறினார். அவர் வரி கட்ட மறுக்கவில்லை. அன்றாடங் காய்ச்சியான மீனவனின் வரிக்கும் தாமே வழி செய்து கொடுத்தார்.

இவற்றுக்கெல்லாம் மேலாக இணைச்சட்ட நூலின் இருபத்து நான்காம் அதிகாரத்தில் ஒரு கட்டளை இருக்கிறது. ஏழை ஒருவன் தன் போர்வையை அடகு வைத்தால், அதைக் கதிரவன் மறையுமுன் அவனிடம் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். ஏனெனில் அவன் அதைப் போர்த்தித்தான் உறங்க வேண்டும். அடகு வாங்கியது தவறென்று சட்டம் கூறவில்லை. வாங்கியவனுக்கு உரிமையும் உண்டு. ஆயினும் இரவுக் குளிரில் ஏழை நடுங்கும் நேரம் வருமுன் அது அவன் தோளுக்குத் திரும்ப வேண்டும். பகலில் வாங்கியதை மாலையில் திருப்பித் தருவது பிச்சை ஆகாது. இறைவன் திருமுன் அது நீதி என்றே அந்நூல் பேசுகிறது.

நம் அம்மையாரின் கேள்விக்கு விடை இங்கே இருக்கிறது.

இரண்டு வழிகள்

வாங்கும் பொருள் மீதான வரியில் ஏழைக்கு நீதி செய்ய அரசுக்கு இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, பொருளுக்கு வரி விலக்கு அளிப்பது. மற்றொன்று, வரியை எல்லாரிடமும் வாங்கிக்கொண்டு, தாங்க இயலாதவருக்கு அவர் பங்கைத் திருப்பிக் கொடுப்பது.

நம் நாடு பெரும்பாலும் முதல் வழியையே பின்பற்றி வந்துள்ளது. 2025 செப்டம்பர் 22 முதல் குளிக்கும் சோப்பு, பற்பசை, தலைக்கு வைக்கும் எண்ணெய் ஆகியவற்றின் வரி நூற்றுக்கு 18 என்பதிலிருந்து 5 ஆகக் குறைந்தது. பள்ளிப் பிள்ளைகளின் நோட்டுப் புத்தகத்துக்கும் பென்சிலுக்கும் வரியே நீங்கியது. நன்றியோடு வரவேற்க வேண்டிய செயல். எனினும் இவ்வழிக்கு ஓர் எல்லை உண்டு. பத்துச் சோப்பு வாங்கும் வீட்டுக்குப் பத்து மடங்கு சலுகையும், ஒரு சோப்பு வாங்கும் வீட்டுக்கு ஒரு மடங்கு சலுகையுமே கிடைக்கும். சலுகை பொருளைப் பின்தொடர்கிறதேயன்றி வறுமையைத் தேடிச் செல்வதில்லை.

பொருளைப் பின்தொடரும் சலுகை சில நேரம் வேடிக்கையாகவும் முடியும். 2022 ஜூலை 18 முதல், முன்னதாகப் பொதியப்பட்டு முத்திரையிட்ட 25 கிலோ வரையிலான அரிசிக்கு நூற்றுக்கு 5 வரி வந்தது. உடனே நம் ஊர்க் கடைகளில் 26 கிலோ மூட்டைகள் வந்து அடுக்கப்பட்டன! ஒரு கிலோ கூடியதும் வரி மறைந்தது. ஒரே நேரத்தில் 26 கிலோ வாங்க வசதியுள்ள வீடு தப்பியது. பத்துக் கிலோ மூட்டையாக வாங்கிய வீடு வரி கட்டியது.

நம் கடற்கரையிலும் ஒரு சான்று உண்டு. மணப்பாட்டிலும் பெரியதாழையிலும் கடலுக்குச் செல்லும் நம் மக்களுக்கு, படகின் டீசலுக்குத் தமிழக அரசு விற்பனை வரி விலக்கு அளித்து வந்துள்ளது. இயந்திரம் பொருத்திய நாட்டுப் படகு ஒன்றுக்கு ஆண்டுக்கு 4,000 லிட்டரும் விசைப் படகுக்கு 18,000 லிட்டரும் என்றிருந்த அளவு, 4,400 என்றும் 19,000 என்றும் உயர்த்தப்படும் என 2023ஆம் ஆண்டு ஆகஸ்டில் மண்டபத்தில் நடந்த மீனவர் மாநாட்டில் அறிவிக்கப்பட்டது. உயிரைப் பணயம் வைத்து உழைப்போருக்கு இது நியாயமான உதவி. ஆயினும் விலக்கு படகைச் சார்ந்தது. படகில்லாமல் பிறர் படகில் பங்குக்குப் போகிறவர் தம் வீட்டுக்கு வாங்கும் சோப்புக்கும் துணித் தூளுக்கும் வரி கட்டிக்கொண்டுதான் இருக்கிறார். தேரிக்காட்டில் ஓலை முடைபவருக்குப் படகும் இல்லை, டீசலும் இல்லை.

திருப்பித் தருவது புதிதா?

“வாங்கிய வரியைத் திருப்பித் தருவதாவது! நடக்கிற காரியமா?” என்று சிலர் கேட்கக்கூடும். நடக்கிற காரியமே. வ.உ.சிதம்பரனார் துறைமுகத்தில் கப்பலேறும் சரக்குகளை எண்ணிப் பாருங்கள். ஏற்றுமதியாகும் பொருளுக்காகச் செலுத்திய வரியை ஏற்றுமதியாளருக்குத் திருப்பித் தருவதற்குச் சட்டத்திலேயே இடம் உண்டு. அதற்கெனக் கணக்கும் அலுவலரும் கணிப்பொறியும் உண்டு. திருப்பித் தரும் கலையை நம் அரசு நன்கு அறியும்.

ஏழைகளின் பெயராலும் அது ஒருமுறை நடந்திருக்கிறது. 2018இல் மத்திய அரசு ‘சேவா போஜ்’ என்றொரு திட்டம் தொடங்கியது. மாதந்தோறும் குறைந்தது 5,000 பேருக்கு இலவசமாக உணவளிக்கும் கோயில், குருத்துவாரா, மசூதி, தேவாலயம், மடம் போன்றவை, அரிசி, மாவு, பருப்பு, எண்ணெய், நெய், சர்க்கரை ஆகியவற்றுக்குச் செலுத்திய வரியில் மத்திய அரசின் பங்கைத் திரும்பப் பெறலாம் என்றது அத்திட்டம். நம் ஊர்த் திருவிழா அசனத்தில் ஒரே பந்தியில் அமர்ந்து உண்டவர்களுக்கு இதன் அழகு விளங்கும். பசித்தவன் இலையில் விழும் சோற்றுக்கு வரி வேண்டாம் என்று அரசே ஒப்புக்கொண்டது! அப்படியானால், ஊர் கூடிச் சமைக்கும் அண்டாவுக்குத் தரும் அந்த நீதியை, கைம்பெண் ஒருத்தி தன் பிள்ளைகளுக்குச் சமைக்கும் சிறு பானைக்கும் தருவதில் என்ன தடை?

பிற நாடுகள் இவ்வழியில் நடந்துள்ளன. கனடா நாடு 1991இல் இத்தகைய வரியைத் தொடங்கியபோதே, குறைந்த வருமானமுள்ளோருக்கு ஆண்டில் நான்கு முறை ஒரு தொகையைத் திருப்பித் தரும் ஏற்பாட்டையும் சேர்த்தே தொடங்கியது. 1983க்குப் பின் இலங்கையிலிருந்து அங்கு அடைக்கலம் தேடிச் சென்ற தமிழ்க் குடும்பங்கள் தொழிற்சாலையிலும் உணவு விடுதியிலும் உழைத்துத் தலையெடுத்த காலத்தில், இத்தொகையும் அவர்களுக்குக் கைகொடுத்தது. ஆனால் அதில் ஒரு நிபந்தனை: வருமானமே இல்லாதவரும் ஆண்டுதோறும் வருமானக் கணக்குப் படிவம் கொடுத்தாக வேண்டும். படிவம் கொடாதவருக்குப் பணமும் இல்லை.

சிங்கப்பூர் 1994இல் நூற்றுக்கு 3 என்று தொடங்கிய வரியைப் படிப்படியாக உயர்த்தி, 2024 ஜனவரியில் 9 ஆக்கியது. ஆனால் 2012லேயே, குறைந்த வருமானமுள்ள குடிமக்களுக்கு ரொக்கமும், மின்கட்டணம் தண்ணீர்க் கட்டணத்தில் கழிவும், முதியோரின் மருத்துவச் சேமிப்புக் கணக்கில் தொகையும் தரும் நிலையான திட்டத்தை ஏற்படுத்திவிட்டது. நம் பகுதி இளைஞர் பலர் அங்கே கட்டட வேலையிலும் கப்பல் பட்டறையிலும் உழைக்கின்றனர். கடையில் அவர்களும் அதே வரியைக் கட்டுகின்றனர். திரும்பப் பெறுவதோ குடிமக்கள் மட்டுமே. எந்த நல்ல ஏற்பாட்டிலும் வாசலுக்கு வெளியே நிற்கும் ஒருவர் இருக்கிறார் என்பதை நினைவில் வைப்போம்.

கத்தோலிக்கர் மிகுந்த பிரேசில் நாடு 2023இல் தன் அரசியலமைப்பையே திருத்தி, ஏழைக் குடும்பங்களுக்கு வரியைத் திருப்பித் தரும் கொள்கையை அதில் சேர்த்தது. சமையல் எரிவாயு உருளை, மின்சாரம், தண்ணீர் ஆகியவற்றில் மத்திய அரசின் புதிய வரி முழுவதையும் ஏழைகளுக்குத் திருப்பித் தர 2025இல் சட்டம் இயற்றியது. அந்தப் புதிய வரி 2027இல் தொடங்குவதாக ஏற்பாடு.

பெயரில் இருக்கும் பெருமை

நம் தமிழகத்தில் இவ்வகைத் திருப்பம் வேறு உருவங்களில் நடந்திருக்கிறது. 2011 ஜூன் முதல் ரேஷன் கடைகளில் அரிசி விலையின்றி வழங்கப்பட்டது. 2023 செப்டம்பர் 15 அன்று, குடும்பத் தலைவியருக்கு மாதம் 1,000 ரூபாய் வழங்கும் திட்டம் ஒரு கோடிக்கும் மேற்பட்ட பெண்களுக்காகத் தொடங்கப்பட்டது. அதற்கு ‘உரிமைத் தொகை’ என்று பெயரிட்டனர். அரசியல் சார்பின்றிச் சொல்கிறேன்: அந்தப் பெயரில் ஓர் உண்மை இருக்கிறது. கடையில் நாள்தோறும் வரி கொடுத்தவருக்குத் திரும்ப வரும் தொகையை ‘இலவசம்’ என்பது பிழை. கொடுத்தவர் கைக்கு அவர் கொடுத்ததில் ஒரு பங்கு திரும்புகிறது. அதை வாங்கும்போது தலைகுனிய வேண்டியதில்லை. வழங்குகிறவர் தம் சட்டைப் பையிலிருந்து தருவதுபோல் பாவனை செய்யவும் வேண்டியதில்லை.

புனித 23-ஆம் அருளப்பர் 1961இல் வெளியிட்ட, ‘தாயும் ஆசிரியையும்’ எனப் பொருள்படும் பெயருடைய சுற்றுமடலில், வரியின் சுமை அதைச் செலுத்துவோரின் ஆற்றலுக்கு ஏற்ப அமைவதே நீதியும் நேர்மையுமான வரிமுறையின் அடிப்படை என்று போதித்தார். கடையில் வாங்கும் வரிக்கு ஆளைப் பார்க்கத் தெரியாது. சோப்பை வாங்கும் கை காய்த்த கையா, மோதிரம் அணிந்த கையா என்று அது கேட்பதில்லை. ஆகவே வாங்கும் இடத்தில் செய்ய முடியாத நீதியைத் திருப்பித் தரும் இடத்தில் செய்ய வேண்டியிருக்கிறது.

“கையில் பணம் கொடுத்தால் வீணாக்கிவிடுவார்கள்” என்று வசதியுள்ள நம்மில் சிலர் சொல்வதைக் கேட்டிருக்கிறேன். போர்வையைத் திருப்பிக் கொடுக்குமுன், ‘இதை நன்றாகப் போர்த்துவாயா?’ என்று தேர்வு வைக்கும்படி இணைச்சட்ட நூல் கூறவில்லை. ஏழைத் தாய்மார் கையில் வரும் பணம் பெரும்பாலும் பிள்ளைகளின் வயிற்றுக்கும் படிப்புக்குமே போகிறது என்பதைப் பங்குகளில் பணியாற்றியவர் எவரும் அறிவர்.

கருதத்தக்க அச்சம் வேறொன்று. திருப்பித் தருவதாகச் சொல்லித் தொடங்குவது, சத்தமில்லாமல் நின்றுபோகக்கூடும். சமையல் எரிவாயு மானியத்தை நினைத்துப் பாருங்கள். 2015 ஜனவரி முதல் நாடு முழுவதும், முழு விலையையும் முதலில் கட்டுங்கள், மானியம் உங்கள் வங்கிக் கணக்குக்கு வந்து சேரும் என்றனர். வந்தது. 2020இல் உலகச் சந்தையில் விலை சரிந்தபோது பெரும்பாலான வீடுகளுக்கு அது நின்றது. பின்னர் விலை ஏறி, 2022இல் உருளை 1,000 ரூபாயைத் தாண்டியபோதும் அவ்வீடுகளுக்கு அது திரும்பவில்லை. உஜ்வலா திட்டத்தில் இணைப்புப் பெற்றவருக்கு மட்டும் அவ்வாண்டு 200 ரூபாய் என்றும், 2023இல் 300 ரூபாய் என்றும் தரப்பட்டது. முன்னே வாங்குவது உறுதியாகவும் பின்னே தருவது கருணையாகவும் இருந்தால், மாலை வந்தும் போர்வை வராமற் போகும். ஆதலால் திருப்பித் தரும் முறை சட்டத்தில் எழுதப்பட வேண்டும். அளவும் நாளும் குறிக்கப்பட வேண்டும்.

நாம் செய்யக்கூடியது

சட்டம் இயற்றுவது நம் கையில் இல்லை. ஆனால் நம் குடும்பங்களிலும் பங்குகளிலும் செய்யக்கூடியவை சில உண்டு.

முதலாவது, கடைச் சீட்டைக் கேட்டு வாங்குவோம். பிள்ளைகளிடம் கொடுத்து, இந்த மாதம் நம் வீடு எவ்வளவு வரி கொடுத்தது என்று கூட்டிப் பார்க்கச் சொல்வோம். ஒரு மாதக் கணக்கே பல பிரசங்கங்களைவிட மிகுதியாகக் கற்பிக்கும். கேட்கும் உரிமை, கொடுத்தது தெரிந்த பிறகே பிறக்கும்.

இரண்டாவது, கனடாவின் பாடத்தை மறவாதிருப்போம். படிவம் நிரப்பாதவருக்குப் பணம் வராது. எந்தத் திட்டத்திலும் முதலில் விடுபடுவோர் எழுத்தறியாத முதியவர், கைம்பெண், ஊர் ஊராய் வேலை தேடிச் செல்வோர். வங்கிக் கணக்கு உறங்கிப் போயிருக்கும், ஆதாரில் பெயர் பிழையாயிருக்கும், ரேஷன் அட்டையில் இறந்த கணவரே குடும்பத் தலைவராய் நீடிப்பார். வின்சென்ட் தே பவுல் சபையினரும் இளைஞர்களும் மாதத்தில் ஒரு ஞாயிறு, திருப்பலிக்குப் பின் கோயில் முற்றத்தில் ஒரு மேசையிட்டு அமர்ந்து, இத்தாள்களைச் சரிசெய்து கொடுக்கலாம். காசு செலவில்லாத இந்த அறம் பல குடும்பங்களுக்கு மாதந்தோறும் சோறு போடும்.

மூன்றாவது, நம்மிடையே வணிகர் பலர் இருக்கின்றனர். ஏழையிடம் வரியென்று சொல்லி வாங்கியதை அரசுக்குச் செலுத்தாமல் வைத்துக்கொள்வது இரட்டைப் பாவம். அரசை ஏமாற்றியதோடு, அந்த ஏழைக்குத் திரும்ப வேண்டியதையும் அது விழுங்கிவிடுகிறது. வரி குறைந்த நாளில் விலையைக் குறைக்காதிருப்பதும் அதே வகையே. எரிக்கோவின் சக்கேயு அத்தி மரத்திலிருந்து இறங்கிய பின் திருப்பிக் கொடுப்பதைப் பற்றியும் பேசினார். ஏமாற்றி வாங்கியதை நான்கு மடங்காகத் தருவதாக வாக்களித்தார். அந்த வீட்டுக்கு அன்றே மீட்பு வந்தது.

நான்காவது, வசதியுள்ள வீடுகள் தமக்குத் தகுதியில்லாத உதவியைப் பொய்யான தாள் காட்டிப் பெறாதிருக்கட்டும். ஏழையின் தோளுக்குப் போக வேண்டிய போர்வை அது.

இறுதியாக, ஓலைப் பெட்டி முடையும் அம்மையாரிடம் அன்று நான் சொன்னதை எழுதி முடிக்கிறேன். “அம்மா, இலவசம் என்று யார் சொன்னாலும் நீங்கள் வெட்கப்பட வேண்டாம். இந்த ஊர்ச் சாலையில் உங்கள் காசும் இருக்கிறது. உங்கள் பிள்ளைகள் படிக்கும் பள்ளியின் சுவரில் உங்கள் காசும் இருக்கிறது. நீங்கள் வாங்குகிறவர் மட்டுமல்ல, கொடுக்கிறவரும்கூட” என்றேன்.

அவர் சீட்டைத் திரும்ப வாங்கி, பத்திரமாக மடித்து முந்தானையில் முடிந்துகொண்டார். “அப்படியானால் இதை எடுத்து வைக்கிறேன் சாமி. என் மகளுக்குக் காட்ட வேண்டும்” என்றார்.

வெயில் ஏறிக்கொண்டிருந்தது. அவர் பேருந்து நிலையத்தை நோக்கி நடந்தார். தலை நிமிர்ந்திருந்ததாகவே எனக்குத் தோன்றியது. ஏழையின் போர்வை பொழுது சாயுமுன் அவள் தோள் சேரும் நாட்டை நாம் உருவாக்க, நீதியின் ஆண்டவர் நம் குடும்பங்களுக்கு நல்ல மனத்தையும், நம்மை ஆள்வோருக்கு நல்லறிவையும் தந்தருள்வாராக!